வெறும் சிலிக்கானுக்கும் தயக்க வளையம் வருகிறது: நாங்களே கட்டிய கெர் கருவியில் பிழை எங்கே?

நெல்லை_நிக்கல்:

வணக்கம். தெற்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வு மாணவன், இரண்டாம் ஆண்டு. நிக்கல், பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை) மெல்லேடுகளை வெற்றிடத்தில் படியவைத்து அவற்றின் காந்தப் பண்பைப் பார்ப்பது என் வேலை. ஏடு வளர்க்கத் துறையில் ஒரு பழைய கோட்டிங் யூனிட் இருக்கிறது. 12 அங்குல பெல் ஜார், டிஃப்யூஷன் பம்ப், நல்ல நாளில் அழுத்தம் 10⁻⁶ டார் வரை இறங்கும். அளப்பதற்குத்தான் வழியில்லை. வி.எஸ்.எம். (மாதிரியை அதிரவைத்துக் காந்தமாக்கத்தை அளக்கும் கருவி) அளவீட்டுக்கு வெளியூருக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காந்தமான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் சற்றுச் சுழலும், அதுதான் கெர் விளைவு. அதனால் அதை அளக்கும் கருவியை நாங்களே கட்டலாம் என்று நானும் ஜூனியர் ஒருவரும் இறங்கினோம்.

கட்டியிருப்பது இதுதான்: பழைய ஆப்டிக்ஸ் லேபில் கிடந்த 5 மில்லிவாட் ஹீலியம்-நியான் லேசர், இரண்டு கிளான்-தாம்சன் போலரைசர், ஒரு ஃபோட்டோடையோடு, 16 பிட் கார்டு. காந்தத்துக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் நாங்களே சுற்றினோம்: ஆரம் 5 செ.மீ., பக்கத்துக்கு 200 சுற்று, 18 கேஜ் எனாமல் கம்பி. 5 ஆம்பியரில் கணக்குப்படி 180 காஸ். காஸ்மீட்டர் வைத்துப் பார்த்தால் நடுவில் 172. அதுவரை சந்தோஷம்.

இரண்டாவது போலரைசரான அனலைசரை, ஒளி மறையும் இருட்டு நிலையிலிருந்து 1 டிகிரி தள்ளி வைத்து, 40 நானோமீட்டர் நிக்கல் ஏட்டை அளந்தேன். புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் பின்தங்குவதால் வரும் தயக்க வளையம் வந்தது, ஆனால் இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. சந்தேகப்பட்டு ஏடு எதுவும் இல்லாத வெறும் சிலிக்கான் துண்டை வைத்தேன். அதற்கும் 1 சதவீத மாற்றம்! படகைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் ஒரு வளைவு, போகும் கோடும் திரும்பும் கோடும் ஒட்டவில்லை. நிக்கலில் மொத்த மாற்றமே 4 சதவீதம்தான். ஒரு சுற்று ஓட்ட 4 நிமிடம் ஆகிறது, தொடங்கிய இடத்துக்கு முடிவில் திரும்புவதும் இல்லை.

சிலிக்கானில் காந்தம் எங்கிருந்து வந்தது? அடுத்த கட்டமாக இந்த அமைப்பை பெல் ஜாருக்குள்ளேயே கொண்டுபோய், ஏடு வளரும்போதே அளக்கலாமா என்று வழிகாட்டி கேட்கிறார். அதையும் சொல்லுங்கள்.

பீளமேடு_லேத்:

தம்பி, நான் இயற்பியல் படித்தவன் இல்லை. ஆய்வகங்களுக்குச் சின்னச் சின்ன சாமான் கடைந்து கொடுக்கிறவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிலிக்கான் துண்டைப் பிடித்திருக்கும் தாங்கி எதால் செய்தது, அதில் போட்டிருக்கும் திருகு என்ன? ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தம் பிடிக்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். 304 தகட்டை வளைத்தாலோ, குளிர் நிலையில் அடித்துத் திருகுத் தலை உருவாக்கினாலோ காந்தம் பிடிக்க ஆரம்பித்துவிடும். கடையில் வாங்கும் ஆலன் போல்ட்டில் நல்ல காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், இழுக்கும். தாங்கியை அலுமினியத்தில் செய்து பித்தளைத் திருகு போடுங்கள். வெளிக்காற்றில் இருக்கும் கருவிக்குப் பித்தளை போதும்.

வெற்றிடக்காரி:

மேலே அண்ணன் சொன்னதுதான் என் முதல் சந்தேகமும். ஆனால் சந்தேகத்தோடு விட வேண்டாம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் உங்கள் கருவியே அதை நிரூபித்துக் கொடுக்கும்.

நான் இருபது வருடமாக வெற்றிட அறைகளும் அவற்றோடு சேர்ந்த அளவுக் கருவிகளும் கட்டுகிறேன். காந்த ஏடுகள்தான் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைவின் உருவத்தைப் பாருங்கள். காந்தமாக்கம் புலத்தோடு திசை மாறும். புலம் வலது பக்கம் என்றால் ஒரு குறி, இடது பக்கம் என்றால் எதிர்க்குறி. ஆகவே கெர் சமிக்ஞை ஒரு முனையில் ஏறினால் மறுமுனையில் இறங்க வேண்டும். உங்கள் சிலிக்கானில் இரண்டு முனையும் ஏறுகின்றன. இழுவிசைதான் அப்படிச் செய்யும். இரும்பைக் காந்தத்தின் வட முனையும் இழுக்கும், தென் முனையும் இழுக்கும். புலம் எந்தப் பக்கம் ஏறினாலும் தாங்கி ஒரே பக்கம் நகர்கிறது, எதிரொளித்த கற்றை ஃபோட்டோடையோடின் மேல் ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது. போகும் கோடும் திரும்பும் கோடும் பிரிவது, அந்தத் திருகின் சொந்தத் தயக்கம். நீங்கள் அளந்திருப்பது உங்கள் திருகை.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை. இப்போது அனலைசர் இருட்டு நிலைக்கு ஒரு பக்கம் 1 டிகிரி. அதே 1 டிகிரியை மறுபக்கம் வைத்து, வேறு எதையும் தொடாமல், மீண்டும் ஓட்டுங்கள். கற்றையின் தளம் உண்மையிலேயே சுழன்றால் வளையம் தலைகீழாகத் திரும்பும். கற்றை வெறுமனே நகர்கிறது என்றால் அப்படியே இருக்கும். ஒளிச்செறிவு, கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 டிகிரியோடு ஒரு சின்னச் சுழற்சியைக் கூட்டுவதும் கழிப்பதும்தான் அந்தக் குறி மாற்றம். இரண்டு பதிவையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாதியாக்கினால் நகர்வு விலகிப்போய் கெர் மட்டும் மிஞ்சும். நான் எந்தப் புதுக் கருவியைத் தொட்டாலும் முதலில் செய்வது இதுதான். பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளிலும் செய்து பார்க்கிறேன்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் போனது. நான் முதலில் வேலை பார்த்த ஆய்வகத்தில், கோபால்ட் ஏடு ஒன்றின் வளையத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு சின்ன உடைப்பு வந்தது. இரண்டு அடுக்காகக் காந்தம் திரும்புகிறது என்று நம்பிப் படம் வரைந்து, கருத்தரங்கத்துக்குச் சுருக்கமும் எழுதிவிட்டோம். ஒரு நாள் ஏட்டை எடுத்துவிட்டு அலுமினியக் கண்ணாடியை வைத்தேன். படிக்கட்டு அங்கேயே நின்றது. காந்தத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்த ஆடித் தாங்கியின் உள்ளே ஓர் எஃகுச் சுருள்வில். அதுதான் துள்ளிக்கொண்டிருந்தது. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். அந்தச் சுருள்வில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் ஏடில்லாத துண்டை நீங்களாகவே வைத்துப் பார்த்தீர்களே, அது பெரிய விஷயம். சொல்லிக்கொடுக்காமல் அதைச் செய்பவர்கள் குறைவு.

இனி தொடங்கிய இடத்துக்குத் திரும்பாதது. உங்கள் சுருளின் கம்பி நீளம் மொத்தம் 126 மீட்டர் வரும், மின்தடை 2 ஓமுக்குச் சற்றுக் குறைவு. 5 ஆம்பியரில் ஏறக்குறைய 46 வாட். ஒரு சால்டரிங் அயர்னை இரண்டு பக்கமும் வைத்ததுபோல. 4 நிமிடத்தில் தாங்கி சூடேறி விரிகிறது. மெதுவாக ஓட்டினால் துல்லியம் கூடும் என்று தோன்றும், இங்கே நேர் எதிர். ஒரு சுற்றை 10 நொடியில் ஓட்டுங்கள், 30 சுற்று எடுத்துச் சராசரி பாருங்கள். வெப்ப நகர்வு மெதுவானது, வேகமான சுற்றுக்குள் அது கிட்டத்தட்ட நேர்கோடு, கழித்துவிடலாம். சுருளுக்கும் தாங்கிக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, காற்று அடிக்காதபடி அட்டைப் பெட்டியால் மூடுங்கள். விசிறி வேண்டாம்.

அறையின் டியூப் லைட்டையும் அணையுங்கள். இருட்டு நிலைக்கு அருகே உங்கள் டையோடுக்கு வருவது ஒரு மைக்ரோவாட் அளவு வெளிச்சம். டியூப் லைட் நொடிக்கு 100 முறை அதன் மேல் அலையடிக்கிறது. 632.8 நானோமீட்டர் வடிகட்டி ஒன்றை டையோடின் முன்னால் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

1 டிகிரி என்ற உங்கள் தேர்வு நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம். 4 சதவீத மாற்றம் என்றால் சுழற்சி ஏறக்குறைய நூறில் ஒரு டிகிரி. 40 நானோமீட்டர் நிக்கலுக்கு நம்பக்கூடிய எண். உலோகத்துக்குள் இந்தச் சிவப்பு ஒளி பார்ப்பது மேலே 20 நானோமீட்டர் ஆழம் வரைதான். அதைவிடத் தடிமன் கூட்டினாலும் சமிக்ஞை கூடாது. மெல்லியதாக்கினால் ஏறக்குறைய தடிமனுக்குத் தக்கபடி குறையும். 2 நானோமீட்டருக்கு இறங்கினால் உங்கள் 4 சதவீதம் அரை சதவீதத்துக்கும் கீழே போகும், லேசரின் சொந்த ஏற்ற இறக்கத்தில் மூழ்கும். அப்போது கற்றையில் பாதியைப் பிரித்து இன்னொரு டையோடில் வாங்கி வகுக்க வேண்டும். இல்லையென்றால் ஒளியின் தளத்தை வேகமாக அலைக்கும் மாடுலேட்டரும், அந்த அலைவெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியும் வேண்டும். இப்போதைக்குத் தேவையில்லை.

இந்தச் சுழற்சியை ஜான் கெர் 1877-இல் மெருகேற்றிய மின்காந்த முனையில் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தார். லேசர் இல்லை, டையோடு இல்லை. நூறு வருடம் கழித்து, 1985-இல், அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) ஆய்வகத்தில் மூக், பேடர் இருவரும் அதே விளைவை மீயுயர் வெற்றிட அறையின் சன்னல் வழியே லேசர் விட்டு, தங்கத்தின் மேல் படிந்த ஓரிரு அணு அடுக்கு இரும்பில் அளந்தார்கள். உங்கள் வழிகாட்டி கேட்பதும் அடிப்படையில் அதைத்தான். அதற்குத் தனியாக எழுதுகிறேன். முதலில் அனலைசரைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நெல்லை_நிக்கல்:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க லேபில்தான்.

அனலைசரை மறுபக்கம் திருப்பினேன். சிலிக்கானின் படகு அப்படியே நின்றது, கொஞ்சமும் திரும்பவில்லை. நிக்கலின் வளையம் தலைகீழானது, ஆனால் முனைகளின் வளைவு மட்டும் அதே பக்கம். இரண்டையும் கழித்ததும் திரையில் நேரான தோள்களோடு ஒரு வளையம் வந்தது. ஜூனியர் கைதட்டிவிட்டார்.

தாங்கியில் நான்கு எம்4 ஆலன் போல்ட். காந்தத்தை நூலில் கட்டிப் பார்த்தேன், நான்கும் இழுத்தன. ஒன்று மற்றவற்றைவிட அதிகமாக. பித்தளைத் திருகு மாற்றியாயிற்று. சிலிக்கானில் இப்போது 0.1 சதவீதத்துக்கும் குறைவு.

பெல் ஜார் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. நாங்கள் நினைத்தது, சுருளை ஜாருக்கு வெளியே வைத்து, கண்ணாடி வழியாக லேசர் விடுவது.

வெற்றிடக்காரி:

நேரான தோள்கள் என்று படித்ததும் எனக்கும் கைதட்டத் தோன்றியது.

பெல் ஜார் விஷயத்தில் வழிகாட்டியிடம் மரியாதையாக, எண்களோடு பேசுங்கள். ஜார் 30 செ.மீ. அகலம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளில் இரு பக்கத்துக்கும் இடைவெளி ஆரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஜாரின் இரு பக்கமும் வைக்க ஆரம் 30 செ.மீ.க்கு மேல் போக வேண்டும். அதே 200 சுற்று, 5 ஆம்பியருக்குப் புலம் 30 காஸ்தான் கிடைக்கும். பெர்மல்லாய்க்குப் போதும், நிக்கலுக்குப் போதாது. ஜாரைச் சுற்றி வளையமாகச் சுற்றினால் புலம் செங்குத்தாக வரும், படுக்கையாக இருக்கும் ஏட்டுக்கு அது செங்குத்துப் புலம். நிக்கலை அந்தத் திசையில் நிறைவுறச் செய்ய 6000 காஸ் வேண்டும்.

இரண்டாவது, அழுத்தம். 10⁻⁶ டாரில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஓர் அணு அடுக்கு அளவு வாயு மேற்பரப்பில் வந்து மோதுகிறது. நொடிக்கு 1 நானோமீட்டர் வேகத்தில் 40 நானோமீட்டர் நிக்கல் படியவைக்கும்போது அதைச் சகித்துக்கொள்ளலாம். வளரும்போதே நிறுத்தி நிறுத்தி அளக்கப் போனால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீரும் எண்ணெய் ஆவியும் மேலே உட்கார்ந்துவிடும். மூக், பேடர் போன்றவர்கள் 10⁻¹⁰ டாருக்குப் போனதன் காரணம் இதுதான். அங்கே அதே ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் கிடைக்கிறது.

அந்த வெற்றிடத்தை அடைவது தனி உழைப்பு. ரப்பர் வளையம் போய்ச் செப்பு வளையம் வரும். அறை முழுவதையும் 150 டிகிரியில் இரண்டு நாள் சுட வேண்டும், சுவர்களில் ஒட்டிய நீர் போவதற்கு. பீளமேடு அண்ணன் சொன்ன பித்தளை உள்ளே வரவே கூடாது, துத்தநாகம் ஆவியாகி எல்லாவற்றின் மேலும் படியும். திருகுகூட வெற்றிடத்துக்குள் வேறு ஜீவன். ஒரு முறை அறையைச் சுட்டு இறக்கியும் 10⁻⁸-இல் இரண்டு வாரம் நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் வாயுக்களை எடைவாரியாகக் காட்டும் நிறைமானியில் 28-உம் (நைட்ரஜன்) 32-உம் (ஆக்சிஜன்) நாலுக்கு ஒன்று, பக்கத்தில் 40 (ஆர்கான்). சுத்தமான காற்று. வெளியே ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியம் அடித்தேன், ஹீலியத்துக்கான 4 என்ற எண் அசையவே இல்லை. கசிவு வெளியிலிருந்து இல்லை என்று புரியக் கடைசியில் ஒரு நாள் ஆனது. அடிமூடிய துளையில் முறுக்கிய ஓர் எம்4 திருகின் அடியில் ஒரு சொட்டு அளவு காற்று சிறைப்பட்டு, மரை வழியே மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. திருகின் நடுவே 1 மி.மீ. துளை போட்டு மாட்டியதும் மறுநாளே இறங்கியது. அன்றிலிருந்து துளையில்லாத திருகை என் அறைக்குள் விடுவதில்லை.

ஆகவே என் யோசனை: உங்கள் கோட்டிங் யூனிட்டில் ஏடு வளருங்கள், வெளியே கெர் அளவு எடுங்கள். அதற்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. 40 நானோமீட்டர் என்பது எப்படித் தெரியும்? படியும் எடைக்கேற்ப அதிர்வெண் இறங்கும் குவார்ட்ஸ் மானி என்றால், 6 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 1 நானோமீட்டர் நிக்கலுக்கு ஏறக்குறைய 72 ஹெர்ட்ஸ் இறங்கும். உலோகத்தை வைத்து ஆவியாக்கும் டங்ஸ்டன் படகின் வெப்பமும் அந்த எண்ணை நகர்த்தும், படிகம் இருக்கும் இடத்தில் படிவதும் ஏடு இருக்கும் இடத்தில் படிவதும் ஒரே அளவு இல்லை. ஒரே ஒரு ஏட்டையாவது எக்ஸ்-கதிர் எதிரொளிப்பில் அளந்து அந்த விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம், நிக்கலும் இரும்பும் சூடான டங்ஸ்டனோடு கலந்துவிடும், படகு உடைந்துபோகும், ஏட்டிலும் டங்ஸ்டன் வரலாம். அலுமினா பூசிய படகு வாங்குங்கள். பெர்மல்லாயில் இரும்பு சற்று முந்தி ஆவியாகும், அதனால் முதலில் படிவதில் இரும்பு கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக எடைபோட்ட சிறு துண்டை வைத்து முழுவதையும் ஆவியாக்கிவிடுங்கள்.

எளிய கருவியால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். 1988-இல் இரும்பு-குரோமியம் அடுக்குகளில் பெருங்காந்தத்தடையை (காந்தப் புலத்தால் மின்தடை பெரிதாக மாறுவதை) கண்ட ஃபெர்ட் குழு, மூலக்கூறு கற்றை முறையில் வளர்த்த ஏடுகளை வைத்திருந்தது. விலையுயர்ந்த, மெதுவான வழி. அடுத்த சில வருடங்களில் ஐபிஎம் அல்மடேனில் ஸ்டூவர்ட் பார்க்கின், அயனிகளால் மோதி உலோகத்தைத் தெறிக்கவைத்துப் படியவைக்கும் ஸ்பட்டரிங்கிலேயே அதைச் செய்து காட்டினார். வேகமாக வளர்த்து, நிறைய மாதிரிகளைப் பார்த்ததால்தான் நடு அடுக்கின் தடிமனைப் பொறுத்துக் காந்த அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு மாறி மாறி வருவதை 1990-இல் வெளியிட முடிந்தது. 1997-இல் அந்த விளைவு வன்தட்டின் வாசிப்புத் தலையாக விற்பனைக்கு வந்தது.

இந்தூர்_ரயில்:

ஒரு சின்னத் தகவல். இந்தூரில் இருக்கும் யுஜிசி-டிஏஇ கூட்டு ஆய்வு மையம் பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்களுக்காகவே நடக்கிறது. அங்கே மீயுயர் வெற்றிடத்தில் ஏடு வளர்த்து, வெளியே எடுக்காமலேயே கெர் அளவு எடுக்கும் வசதி இருக்கிறது. ஏடு வளரும்போதே அளக்க வேண்டும் என்பது உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அவசியம் என்றால் விண்ணப்பம் எழுதுங்கள். போகும்போது உங்கள் கருவியில் அளந்த நிக்கல் ஏடு ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அங்கே வந்த எண்ணும் எங்கள் ஊர் எண்ணும் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பழைய பதிவுகளை எல்லாம் நம்பிப் பயன்படுத்தினேன்.

நெல்லை_நிக்கல்:

வழிகாட்டியிடம் பேசினேன். 30 காஸ் என்ற எண்ணைக் காட்டியதும் அவரே பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, பெல் ஜார் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டார். இந்தூருக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

10 நொடிக்கு ஒரு சுற்று, 30 சுற்றுச் சராசரி, டியூப் லைட் அணைத்து, அட்டைப் பெட்டிக்குள். நேற்று அளந்த 20 நானோமீட்டர் பெர்மல்லாய் ஏட்டில் வளையம் சில காஸுக்குள் திரும்புகிறது. சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை வைத்துப் புலத்தைக் கணக்கிட்டால் போதுமா, ஏட்டின் பக்கத்திலேயே ஹால் சென்சார் வைக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

வெற்றிடக்காரி:

ஹால் சென்சார் வையுங்கள். சில காஸ் அளவில் பூமியின் அரை காஸ்கூடக் கணக்கில் வரும். அதன் கால்கள் நிக்கல் பூச்சு இல்லாததா என்று நூலில் கட்டிய அந்தக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பீளமேடு_லேத்:

சென்சாருக்குத் தாங்கி வேண்டுமென்றால் அளவை அனுப்புங்கள் தம்பி. அலுமினியத் துண்டு கையிருப்பில் இருக்கிறது, திருகும் பித்தளையிலேயே போட்டுத் தருகிறேன்.